பள்ளிவாசல் முற்றத்தில் எரிந்த பதிவுச் சீட்டுகள்

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் வாழ்ந்த 21 ஆண்டுகள்



நம் ஆண்டறிக்கை மலரில் இவ்வாண்டு நாம் எழுத எடுத்துக்கொண்ட வாழ்க்கை மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி அவர்களுடையது. தண்டி யாத்திரையையும் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அந்தப் போராட்ட முறை பிறந்த இடம் தென்னாப்பிரிக்கா என்பதையும், அதன் முக்கியமான கட்டங்கள் சில பள்ளிவாசல் முற்றங்களில் நடந்தேறின என்பதையும், அதைத் தாங்கி நின்றவர்களில் முஸ்லிம் வணிகர்களும் ஓர் இமாமும் தமிழ்க் கூலித் தொழிலாளர்களும் இருந்தனர் என்பதையும் நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை.

இவ்வாழ்வைத் தேர்ந்தெடுத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒரு மண்ணுக்கு உரியவர் யார், வந்தவர் யார், வந்தவர் எத்தனை தலைமுறை கடந்தால் உரியவர் ஆவார் என்ற கேள்வி இன்று உலகெங்கும் கேட்கப்படுகிறது. 2019-ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறிய நாட்களில் நம் வீடுகளிலும் பெரியவர்கள் இரும்புப் பெட்டிகளைத் திறந்து பழைய பத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டுக் காகிதம் மனிதனைவிடப் பெரிதாகிவிடும் காலம் எப்படி இருக்கும் என்பதை அன்று ஓரளவு உணர்ந்தோம். அத்தகைய காலத்தை நூறாண்டுகளுக்கு முன் அயல்மண்ணில் எதிர்கொண்டவர்களின் வரலாறு இது.

தலைப்பாகையும் பட்டப் பெயரும்

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்த காந்தியடிகள், லண்டனில் சட்டம் பயின்று 1891-இல் தாயகம் திரும்பினார். வழக்கறிஞர் தொழில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. நீதிமன்றத்தில் எழுந்து பேசவே நாக்குக் குழறிய இளைஞராக இருந்தார். அவ்வேளையில் போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வணிகரான தாதா அப்துல்லாஹ் சேட்டின் நிறுவனம் அவரை அழைத்தது. பிரிட்டோரியாவில் நடந்த 40,000 பவுண்டு மதிப்புள்ள வழக்கொன்றில் உதவ ஓராண்டுக்கு 105 பவுண்டு ஊதியமும் கப்பல் கட்டணமும் தருவதாக ஏற்பாடு. 1893-ஆம் ஆண்டு மே மாதம், தம் 23-ஆம் வயதில், அவர் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்.

அங்கு இந்தியர்கள் ஒரே சமுதாயமாக இருக்கவில்லை. முஸ்லிம் வணிகர்கள் தங்களை அரபியர் என்று சொல்லிக்கொண்டார்கள். பார்சி எழுத்தர்கள் பாரசீகர் ஆனார்கள். எல்லாருக்கும் கீழே தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களை வெள்ளையர் கூலி என்றும், தமிழர் பெயர்கள் பலவும் சாமி என்று முடிந்ததால் சாமி என்றும் இகழ்ந்து அழைத்தார்கள். தனக்குக் கீழே இருப்பவனோடு தன்னைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாதே என்ற அச்சமே இந்தப் பெயர் மாற்றங்களுக்குக் காரணம். ஆனால் வெள்ளையர் கண்ணுக்கு எல்லாரும் கூலிகளே. வணிகன் கூலி வணிகன். காந்தியடிகள் கூலி பாரிஸ்டர்.

டர்பன் நீதிமன்றத்தில் நீதிபதி அவரைத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். முஸ்லிம் உடையணிந்தவர்கள் தலைப்பாகையோடு இருக்கலாம், மற்ற இந்தியர்கள் கழற்ற வேண்டும் என்பது அங்கிருந்த வழக்கம். காந்தியடிகள் கழற்றாமல் வெளியேறினார். சில நாட்கள் கழித்து, 1893 ஜூன் 7-ஆம் நாள் இரவு, முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டு, நடுங்கும் குளிரில் காத்தறையில் விடியும்வரை அமர்ந்திருந்தார். இந்நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம்.

தாதா அப்துல்லாஹ்வுக்கும் எதிர்த்தரப்பினரான தய்யிப் சேட்டுக்கும் இடையிலான வழக்கை நடுவர் தீர்ப்பின் வழி அவர் முடித்துவைத்தார். இருவரும் உறவினர்கள். தோற்றவர் திவாலாகிவிடாதபடி தொகையைத் தவணை முறையில் பெற்றுக்கொள்ள வென்றவரை இசையச் செய்தார். பகையாளியின் மானத்தையும் காப்பாற்ற வேண்டும் என்ற இக்குணம் பின்னாளில் அவர் அரசாங்கத்தோடு போராடியபோதும் மாறவில்லை.

மூன்று பவுண்டு

1894-இல் ஊர் திரும்ப ஆயத்தமானவருக்கு வணிகர்கள் விருந்தளித்தனர். அங்கே கையில் கிடைத்த செய்தித்தாளில், நேட்டாலில் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கச் சட்டம் வருவதைப் படித்தார். விருந்துக்கு வந்தவர்கள் அவரைத் தடுத்து நிறுத்தினார்கள். ஒரு மாதம் என்று தொடங்கிய தங்கல் இருபது ஆண்டுகளாக நீண்டது. பொதுப்பணிக்கு ஊதியம் வாங்க மறுத்தார். வணிகர்கள் தங்கள் வழக்குகளை அவரிடம் கொடுத்து அவர் வாழ வழி செய்தார்கள். ஏறத்தாழ 10,000 பேர் கையொப்பமிட்ட மனு லண்டனுக்குச் சென்றது. அதே ஆண்டில் நேட்டால் இந்திய காங்கிரஸ் தோன்றியது. காந்தியடிகள் செயலாளர்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சங்கத்தின் குறைந்த அளவுச் சந்தா மாதம் 5 ஷில்லிங், அதாவது ஆண்டுக்கு 3 பவுண்டு. வணிகருக்கு அது சிறு தொகை. ஒப்பந்தத் தொழிலாளியின் மாதக் கூலியோ முதலாண்டில் 10 ஷில்லிங் மட்டுமே. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ என்ற கப்பல் டர்பனை அடைந்தது முதல், கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். இந்தியர் உரிமை பேசிய சங்கத்தில் இந்தியர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இடமில்லாமல் இருந்தது.

அச்சமயத்தில் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அவர் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து வாயில் இரத்தம் ஒழுகியது. அவர் தம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் ஏந்தியபடி நடுங்கிக்கொண்டு நின்றார். வெள்ளையரைக் காணச் செல்லும் தொழிலாளி தலையில் எதையும் அணியக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அதே பழக்கத்தில் தம் நாட்டவர் முன்னும் அவர் அப்படியே நின்றார். நீதிமன்றத்தில் தம் தலைப்பாகைக்காக வாதாடியவருக்கு அக்காட்சி எவ்வளவு வலித்திருக்கும்! துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பி, சட்டப்படி அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றிக் கொடுத்தார். அச்செய்தி தோட்டந்தோறும் பரவியது.

1895-இல் நேட்டால் அரசு மற்றொரு சட்டம் இயற்றியது. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி ஊர் திரும்ப வேண்டும், அல்லது மீண்டும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டும் இல்லாமல் சுதந்திரமாகத் தங்க விரும்பினால் ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும். முதலில் 25 பவுண்டு என்றார்கள். இந்திய வைஸ்ராய் எல்ஜின் பிரபு 3 பவுண்டுக்கு இசைந்தார். மனைவிக்கும், வயது வந்த மகனுக்கும் மகளுக்கும் தனித்தனியே அவ்வரி உண்டு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 12 பவுண்டு. உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்பதே இச்சட்டத்தின் உட்பொருள். வணிகனுக்குச் சந்தாவாக இருந்த அதே 3 பவுண்டு, ஏழைக்குக் கழுத்துச் சுருக்காக அமைந்தது.

கப்பலை மறித்த கூட்டம்

1896-இல் காந்தியடிகள் தாயகம் வந்து, அங்குள்ள நிலையை ஊர் ஊராக எடுத்துரைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் சென்னை பச்சையப்பன் மண்டபத்திலும் பேசினார். அவர் பேச்சு திரிக்கப்பட்டு நேட்டாலுக்குத் தந்தியில் சென்றது. டிசம்பரில் குடும்பத்தோடு அவர் திரும்பிய கப்பலும் உடன் வந்த மற்றொரு கப்பலும் சுமார் 800 பயணிகளோடு டர்பனை அடைந்தபோது, இந்தியர் படையெடுத்து வருகிறார்கள் என்று வெள்ளையர் கொதித்தெழுந்திருந்தனர். கொள்ளைநோயைக் காரணம் காட்டி 23 நாட்கள் எவரையும் இறங்க விடவில்லை. 1897 ஜனவரி 13-இல் இறங்கிய காந்தியடிகளைக் கூட்டம் கல்லாலும் முட்டையாலும் அடித்துத் தெருவில் மிதித்தது. காவல் கண்காணிப்பாளரின் மனைவியார் தம் குடையை விரித்து இடையில் நின்றிராவிட்டால் அவர் பிழைத்திருப்பது அரிது. தாக்கியவர்கள் மீது வழக்குத் தொடர லண்டனிலிருந்து உத்தரவு வந்தும் அவர் புகார் கொடுக்க மறுத்துவிட்டார்.

அடித்தவர்களைவிட அழுத்தமாக அடித்தது அவ்வாண்டு வந்த சட்டம். நேட்டாலில் புதிதாக நுழைபவர் ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்றது அது. இந்தியர் என்ற சொல்லே அதில் இல்லை. பார்வைக்கு அனைவருக்கும் பொது. நடைமுறையில் யாருக்கு என்று எழுதியவருக்கும் தெரியும், எதிர்கொண்டவருக்கும் தெரியும். 1901-இல் ஆஸ்திரேலியாவும் இதையொட்டிய மொழித்தேர்வைத் தன் குடியேற்றச் சட்டத்தில் வைத்தது. பெயர் சொல்லாமல் ஒரு கூட்டத்தாரை வெளியே நிறுத்தும் கலையை உலகம் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டது.

இறைவன் பெயரால் ஓர் உறுதிமொழி

போயர் யுத்தத்துக்குப் பின் காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க் நகரில் அலுவலகம் அமைத்தார். 1903-இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் வார இதழ் தொடக்கத்தில் தமிழ் உள்பட நான்கு மொழிகளில் வந்தது. 1906-இல் டிரான்ஸ்வால் அரசு புதிய சட்டமொன்றை முன்வைத்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் ஒவ்வொருவரும் பத்து விரல்களின் ரேகையும் அங்க அடையாளமும் கொடுத்துப் பதிவுச் சீட்டு பெற வேண்டும். காவலர் எங்கு கேட்டாலும் அதைக் காட்ட வேண்டும். தவறினால் அபராதம், சிறை, அல்லது நாடு கடத்தல். கைரேகை என்பது அக்காலத்தில் குற்றவாளிகளிடம் வாங்கப்பட்டது. ஆண்டாண்டாக அங்கே குடியிருந்து வணிகம் செய்தவர்களும் காய்கறிக் கூடை சுமந்தவர்களும் ஒரே சட்டத்தில் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள்.

1906 செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் அப்துல் கனி சேட் தலைமையில் சுமார் 3,000 பேர் கூடினார்கள். இச்சட்டத்துக்குப் பணிவதில்லை என்ற தீர்மானத்தைப் பேச எழுந்த ஹாஜி ஹபீப் சேட், அதை வெறும் தீர்மானமாக விடாமல், இறைவனைச் சாட்சியாக்கி உறுதிமொழியாக எடுக்க வேண்டும் என்றார். காந்தியடிகள் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. மார்க்கம் கற்ற நமக்கு இவ்விடம் மிகவும் சிந்திக்கத்தக்கது. கூட்டத்தில் கைதூக்கும் தீர்மானத்தை நாளை மாற்றிக்கொள்ளலாம். அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்தவர் அதை விளையாட்டாகக் கலைக்க முடியாது. காந்தியடிகள் அதன் கனத்தைக் கூட்டத்தாருக்கு விளக்கினார். சிறை வரலாம், பொருள் போகலாம், கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சலாம். அப்போதும் நிற்க முடியும் என்பவர் மட்டுமே எடுக்க வேண்டும் என்று எச்சரித்தார். அனைவரும் எழுந்து நின்று எடுத்தார்கள். சத்தியாகிரகம் என்ற பெயர் பின்னரே வந்தது. அதன் உயிர் ஒரு ஹாஜியார் முன்வைத்த உறுதிமொழியில் இருந்தது.

காந்தியடிகளும் ஹமீதியா இஸ்லாமிய சங்கத்தை நிறுவிய ஹாஜி ஒஜேர் அலியும் லண்டன் சென்று வாதாடினர். அரசு ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஆனால் 1907 ஜனவரியில் டிரான்ஸ்வால் தன்னாட்சி பெற்று, அதே சட்டத்தை மீண்டும் நிறைவேற்றியது. ஜூலை 31-இல் பிரிட்டோரியா பள்ளிவாசல் வளாகத்தில் பெருங்கூட்டம் நடந்தது. அதில் அஹ்மது முஹம்மது கச்சாலியா என்ற வணிகர், உயிரே போனாலும் பணிவதில்லை என உறுதி கூறினார். அவ்வாண்டு இறுதிவரை பதிந்துகொண்டவர் சுமார் 500 பேர் மட்டுமே.

ஹமீதியா பள்ளியின் முற்றம்

1908 ஜனவரியில் காந்தியடிகள் முதன்முறையாகச் சிறை சென்றார். அம்மாத இறுதியில் அமைச்சர் ஸ்மட்ஸ் அவரை அழைத்துப் பேசினார். இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிந்துகொள்வது, அதன்பின் கட்டாயச் சட்டம் நீக்கப்படுவது என்று உடன்பாடு ஆனதாகக் காந்தியடிகள் புரிந்துகொண்டார். தம்மவரில் பலர் இதை ஏற்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு விற்றுவிட்டார் என்றும் பேச்சு எழுந்தது. பிப்ரவரி 10-ஆம் நாள் முதல் ஆளாகப் பதியச் சென்ற வழியில், மீர் ஆலம் என்ற பட்டாணியர் அவரைத் தடியால் தாக்கி வீழ்த்தினார். உடன் சென்ற தம்பி நாயுடுவுக்கும் காயம். நினைவு திரும்பிய காந்தியடிகள், அடித்தவரைத் தண்டிக்க வேண்டாம் என்றும், தம் பதிவை முடிக்க அதிகாரியை அங்கேயே அழைத்துவரும்படியும் கேட்டுக்கொண்டார்.

சட்டம் நீக்கப்படவில்லை. அப்போது 1908 ஆகஸ்ட் 16-ஆம் நாள் ஹமீதியா பள்ளிவாசல் முற்றத்தில் சுமார் 3,000 பேர் கூடினார்கள். மேடையருகே முக்காலுள்ள பெரிய இரும்புக் கொப்பரை வைக்கப்பட்டிருந்தது. அரசு இறங்கிவரவில்லை என்ற செய்தி கூட்டத்தை எட்டியதும், 2,000-க்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் கொப்பரையில் இடப்பட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தப்பட்டன. எவரும் கல்லெடுக்கவில்லை, எவர் கடையும் உடையவில்லை. அரசின் கோபத்தைத் தங்கள் தலையில் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். அக்கூட்டத்தில் மீர் ஆலம் முன்வந்து காந்தியடிகளின் கையைப் பற்றினார். அப்பள்ளிவாசல் அருகே அந்தக் கொப்பரையின் நினைவுச்சின்னம் இன்றும் உள்ளது.

தாங்கி நின்றவர்கள்

நெருப்பு வைப்பது ஒரு நாள் வேலை. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தாங்குவதுதான் கடினம். கடைகளும் சரக்கும் உள்ள வணிகர்களில் பலர் மெல்ல ஒதுங்கினார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. ஒதுங்காதவர்களில் கச்சாலியா சேட் தலையாயவர். அவர் போராட்டத்தை விட்டு விலகாவிட்டால் கடனை உடனே கட்ட வேண்டும் என்று சரக்குக் கொடுத்த ஐரோப்பிய வணிகர்கள் நெருக்கினார்கள். அவர் கடையையும் சரக்கையும் அவர்களிடமே ஒப்படைத்துத் திவாலை ஏற்றார். கடன்காரர் அனைவருக்கும் முழுத்தொகையும் போய்ச் சேர்ந்தது. அவர் கொள்கையும் அவரிடமே இருந்தது. 1918-இல் இறக்கும்வரை அவர் பின்வாங்கவில்லை.

மற்றொருவர் ஹமீதியா இஸ்லாமிய சங்கத்தின் தலைவராக இருந்தவரும் ஜோகன்னஸ்பர்க் பள்ளிவாசலில் தொழவைத்தவருமான இமாம் அப்துல் காதிர் பாவஸீர். நல்ல உணவும் வசதியும் பழகியவர். அவரால் சிறையைத் தாங்க முடியுமா என்று பலர் ஐயுற்றனர். அவர் சிறை சென்றார். எளிய உணவையும் கடின வேலையையும் முகம் சுளிக்காமல் ஏற்றார். பின்னர் குடும்பத்தோடு காந்தியடிகளின் ஆசிரமத்தில் வாழ்ந்து, அவரோடு இந்தியா வந்து, 1930-இல் தராசனா உப்பளப் போராட்டத்திலும் முன்னின்று, 1931-இல் சபர்மதியில் இறையடி சேர்ந்தார். மிம்பரில் நிற்பவர் தெருவிலும் நிற்க வேண்டிய நாள் வரலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

வணிகர் ஒதுங்கியபோது சிறைகளை நிரப்பியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். கூடைச் சுமை வியாபாரிகளும் தொழிலாளர்களும். நாகப்பன் என்ற இளைஞர் 1909-இல் சிறைக் கடுமையால் மாண்டார். நாடு கடத்தப்பட்ட நாராயணசாமி, திரும்பி வந்தபோது எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடப்படாமல் கப்பலில் அலைக்கழிந்து 1910-இல் உயிர்விட்டார். காகிதம் இல்லாதவனுக்குக் கரையும் இல்லை என்றாயிற்று.

நிக்காஹும் நெடுநடையும்

1913 மார்ச் 14-ஆம் நாள் கேப் உச்சநீதிமன்ற நீதிபதி சேர்ல், முஸ்லிம் ஒருவரின் மனைவியைக் கரையிறங்க அனுமதிக்கும் வழக்கில் ஒரு தீர்ப்பளித்தார். அதன்படி, அந்நாட்டுச் சட்டம் ஏற்காத சமய முறைகளில் நடந்த திருமணங்கள் செல்லாமல் போயின. முஸ்லிம், இந்து, பார்சி எவராயினும், நிக்காஹ் செய்த மனைவி சட்டத்தின் முன் மனைவியல்லள். பிள்ளைகள் வாரிசுகள் அல்லர். எல்லையில் அமர்ந்த அதிகாரியின் கேள்வி இப்போது வீட்டின் உள்ளறைக்கே வந்துவிட்டது. 3 பவுண்டு வரியை நீக்குவதாக 1912-இல் கோகலேயிடம் தந்ததாகக் கருதப்பட்ட வாக்குறுதியும் கைவிடப்பட்டது.

அதுவரை ஆண்களின் போராட்டமாக இருந்ததில் பெண்கள் இறங்கினார்கள். கஸ்தூர்பா அம்மையார் சிறை சென்றார். டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த, பெரும்பாலும் தமிழரான பெண்கள் 11 பேர் கைக்குழந்தைகளோடு நியூகாசில் சுரங்கப் பகுதிக்குச் சென்று தொழிலாளர்களிடம் பேசினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். 3 பவுண்டு சந்தா கட்ட இயலாததால் காங்கிரசுக்கு வெளியே நின்றவர்கள், 3 பவுண்டு வரிக்கு எதிராக இப்போது போராட்டத்தின் நடுவே வந்து நின்றார்கள்.

நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நேட்டால் எல்லையைக் கடந்து டிரான்ஸ்வாலுக்குள் நடந்தார்கள். அனுமதியின்றி எல்லை கடப்பதே அவர்கள் செய்த குற்றம். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் சிறிது சர்க்கரையும் உணவு. வழியில் இரு குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரால், மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கைநழுவி. தாய்மார் நடையை நிறுத்தவில்லை. நான்கு நாட்களில் மூன்று முறை கைதான காந்தியடிகள் சிறையிலடைக்கப்பட்டார். நடந்தவர்கள் ரயிலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டு, சுரங்க வளாகங்களே சிறைகளாக்கப்பட்டன. வேலைநிறுத்தம் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நவம்பரில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபுவே சென்னையில் வெளிப்படையாக அனுதாபம் தெரிவித்தார்.

இப்போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-இல் காய்ச்சலால் இறந்தார். வயது 16. அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க் நகரில். தஞ்சைக் கடற்கரையோரத் தில்லையாடி பெற்றோரின் ஊர். 1915-இல் காந்தியடிகள் அவ்வூருக்கு நேரில் வந்து மரியாதை செலுத்தினார்.

1914 ஜனவரியில் வெள்ளைய ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து அரசு தத்தளித்தபோது, காந்தியடிகள் தம் அடுத்த அணிவகுப்பை ஒத்திவைத்தார். எதிரி வேறொருவரோடு மல்லுக்கட்டும்போது முதுகில் ஏறுவது தம் போராட்டத்துக்கு அழகல்ல என்று கருதினார். அவ்வாண்டு நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுண்டு வரி நீங்கியது; திருமணங்கள் ஏற்கப்பட்டன. ஜூலை 18-இல் அவர் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். சிறையில் தாம் தைத்த ஒரு ஜோடி செருப்பை ஸ்மட்ஸுக்கு அன்பளிப்பாக விட்டுச் சென்றார். அதை 1939-இல் ஸ்மட்ஸ் காந்தியடிகளின் எழுபதாம் பிறந்த நாளையொட்டித் திருப்பி அனுப்பினார்.

கிடைக்காததும் விடுபட்டவர்களும்

ஒருவர் வாழ்வை எழுதுகையில் நிறைவை மட்டும் எழுதுவது நேர்மையன்று. புதிய சட்டம் ஒரு மனைவியை மட்டுமே ஏற்றது. முஸ்லிம்களில் ஒரு பகுதியினருக்கு அது மனக்குறை. புதிதாக இந்தியர் குடியேறுவதற்கான தடைகள் நீங்கவில்லை. தென்னாப்பிரிக்க இந்தியர்களை நிரந்தரக் குடிகளாக அந்நாட்டு அரசு ஏற்றதே 1961-இல்தான்.

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. அந்த மண்ணின் மக்களான ஆப்பிரிக்கர்கள் இப்போராட்டத்தில் இல்லை. காந்தியடிகள் தம் ஆரம்ப ஆண்டுகளில், இந்தியர்களை ஆப்பிரிக்கர்களோடு ஒன்றாக வைக்கலாகாது என்று எழுதியும் வாதாடியும் வந்தார். எவரோடு நம்மைச் சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்ற அதே பழைய அச்சம் அவரிடமும் இருந்தது. நெடுநடை நடந்த அதே 1913-இல்தான் ஆப்பிரிக்கர்களை ஏறத்தாழ 7 விழுக்காடு நிலத்துக்குள் ஒடுக்கிய சட்டம் வந்தது. அதே ஆண்டு புளூம்ஃபொன்டெயின் நகரின் கருப்பினப் பெண்கள் அனுமதிச் சீட்டுகளை எதிர்த்துச் சிறை சென்றார்கள். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரே வகைக் காகிதத்தை எதிர்த்த இரு கூட்டத்தார் கைகோக்கவில்லை. கானா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 2018-இல் அவர் சிலை அகற்றப்பட்டதற்கு இவ்வெழுத்துகளே காரணம்.

அந்தக் கைகளைக் கோத்தவர்கள் அடுத்த தலைமுறையினர். கச்சாலியா சேட்டின் மகனும் தேவ்பந்தில் ஓதியவருமான மௌலவி இஸ்மாயில் கச்சாலியா, 1952-ஆம் ஆண்டின் சட்ட மறுப்பு இயக்கத்தில் நெல்சன் மண்டேலாவுக்குத் துணைத் தலைமைத் தொண்டராகப் பணியாற்றினார். தந்தை பள்ளிவாசல் முற்றத்தில் இந்தியருக்காக எடுத்த உறுதியை, மகன் அந்நாட்டு மக்கள் அனைவருக்காகவும் நிறைவேற்றினார்.

காந்தியடிகளும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1948 ஜனவரியில், டில்லி முஸ்லிம்களின் உயிரும் பள்ளிவாசல்களும் காக்கப்பட வேண்டும் என்று 78 வயதில் உண்ணாநோன்பிருந்தார். ஜனவரி 27-இல் மெஹ்ரௌலியில் குத்புத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்களின் தர்காவுக்குச் சென்றார். மூன்றாம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த நாடு யாருக்கு உரியது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடையை ஏற்க மனமில்லாதவனின் குண்டு அது.

நம் பதிவேடு

ஜமாஅத் பெருமக்களே! நம் மக்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறர் மண்ணில் அடையாள அட்டையோடு வாழ்கிறார்கள். அங்கே அவர்கள் கண்ணியமாக நடத்தப்பட வேண்டும் என்று துஆச் செய்கிறோம். அதே வேளையில் நம் மஹல்லாவின் வாடகை அறைகளில் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் தங்கியிருக்கிறார்கள். நம் வீடுகளைக் கட்டுகிறார்கள். நம் உணவகங்களில் பாத்திரம் துலக்குகிறார்கள். ஜும்ஆவில் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு எவரிடமும் பேசாமல் செல்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

தலைக்கட்டு வரி கட்டுபவரே ஜமாஅத்தார் என்பது நம் பழைய ஒழுங்கு. நிர்வாகத்துக்கு அது தேவை. நாம் அதைக் குறை கூறவில்லை. ஆனால் வரி கட்ட இயலாதவருக்கு நோயில் உதவியும், வழக்கில் துணையும், இறந்தால் நம் மையவாடியில் ஆறடி இடமும் உண்டா என்பதை நம் நிர்வாகம் எழுத்தில் தெளிவாக்கி வைப்பது நல்லது. நேட்டால் காங்கிரஸ் 3 பவுண்டு கட்டியவர்களுக்கு மட்டும் பேசிய நாட்களில் அது மனு எழுதும் சங்கமாகவே இருந்தது. கட்ட முடியாதவர்கள் உள்ளே வந்த நாளில்தான் அரசு அசைந்தது.

வரும் ஆண்டின் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்குமாறு நிர்வாகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, வரும் ஜும்ஆவிலிருந்து, கடைசி வரிசையில் நிற்பவரிடம் ஸலாம் சொல்லி அவர் ஊரையும் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை. வல்ல அல்லாஹ் நமக்கு அந்த மனத்தைத் தருவானாக. ஆமீன்.